‘அன்ஃபித்ரியாவ்’ என்ற போர்த்துகீசியச் சொல்: தமிழில் எப்படிச் சொல்வது?

தாமிரபரணி

எல்லாருக்கும் வணக்கம். பிரேசிலிலிருந்து வந்த ஒரு சின்னக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மாணவர் பரிமாற்றத்தில் வரும் வெளிநாட்டுப் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கான வழிகாட்டி அது. நம் பக்கத்திலிருந்து போகிற பிள்ளைகளின் அப்பா அம்மா படிக்கத்தான் தமிழில் கேட்டிருக்கிறார்கள். அதனால் நடை வீட்டில் பேசுகிற மாதிரி இருக்க வேண்டும்.

பக்கத்துக்குப் பக்கம் ‘அன்ஃபித்ரியாவ்’ என்ற சொல் வருகிறது. வீட்டம்மாவாக இருந்தால் ‘அன்ஃபித்ரியா’, குடும்பத்தைச் சொல்லும்போது ‘ஃபமீலியா அன்ஃபித்ரியா’. நடுவில் ஓர் இடத்தில் ‘ஓஸ்பெதேய்ரா’ என்றும் இருக்கிறது. இன்னோர் இடத்தில் ‘தோனு தா காஸா’. மூன்றும் ஒன்றா, வேறா? ‘விருந்தோம்புநர்’ என்று போட்டுப் பார்த்தேன். கல்வெட்டு மாதிரி இருக்கிறது என்று தோழி சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அங்கே இருப்பவர்கள் இந்தச் சொல்லை எங்கே, எப்போது, யாரிடம் சொல்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், தமிழை நான் பார்த்துக்கொள்வேன்.

சேலம்_சாவ்பவுலு

வணக்கம் தாமிரபரணி. நான் சாவ் பவுலுவில் வேலை பார்க்கிறேன், வீட்டில் பேச்சு பாதிக்கு மேல் போர்த்துகீசியம்தான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ‘அன்ஃபித்ரியாவ்’ என்பது வாயில் புழங்குகிற சொல் இல்லை, எழுத்தில் புழங்குகிற சொல். பத்திரிகை எழுதும், அழைப்பிதழில் வரும், வீட்டு அறையை வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் வரும். அந்தத் தளத்தில் அறை கொடுப்பவர் ‘அன்ஃபித்ரியாவ்’, தங்குபவர் ‘ஓஸ்பெஜி’. மேடையில் நன்றி சொல்லும்போது ‘எங்கள் அன்ஃபித்ரியோய்ஸுக்கு நன்றி’ என்பார்கள். பன்மையில் அப்படித்தான் முடியும்.

பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட்டால் அவரை யாரும் அன்ஃபித்ரியாவ் என்று சொல்லமாட்டார்கள். ‘தோனு தா காஸா’ என்பார்கள், அப்படியே நம் ‘வீட்டுக்காரர்’. போகிறவர் ‘விசீத்தா’. இந்த விசீத்தா எப்போதும் பெண்பால். மீசை வைத்த மாமா வந்தாலும் ‘அ விசீத்தா’தான். விசேஷத்துக்கு அழைத்து வந்தவர் என்றால் ‘கொன்விதாது’. பெட்டி படுக்கையோடு வந்து இரவு தங்கினால்தான் ‘ஓஸ்பெஜி’. சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவரை ஓஸ்பெஜி என்று சொன்னால் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

விசீத்தாவும் வீட்டுக்காரரும் எப்படிப் பழகுகிறார்கள் என்பதைப் பார்த்தால் சொல் இன்னும் தெளிவாகும். இங்கே யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் திறந்ததும் முதல் வாக்கியம், ‘நாவ் ஹெபாரா நா பகுன்ஸா’. வீடு இறைந்து கிடக்கிறது, கண்டுகொள்ளாதீர்கள் என்று அர்த்தம். தரை முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று இருக்கும். அப்போதும் அதைச் சொல்வார்கள். அடுத்து ‘அ காஸா எ ஸுவா’, இது உங்கள் வீடு. உட்கார்ந்த கையோடு சின்னக் கோப்பையில் காபி. கிளம்ப எழுந்தால், ‘இப்பவேவா? இன்னும் நேரம் இருக்கே’ என்று இரண்டு தடவையாவது சொல்லியாக வேண்டும். வாசல் கதவை விருந்தாளி தானே திறந்துகொண்டு போகக்கூடாது, போனால் அந்த வீட்டுக்குத் திரும்ப வரமாட்டார் என்று ஒரு நம்பிக்கை. வீட்டுக்காரர்தான் திறந்துவிட வேண்டும். நேரம் ஆகியும் கிளம்பாதவர் போக வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்துவது இன்னொரு பழக்கம். இத்தனையிலும் ‘அன்ஃபித்ரியாவ்’ ஒரு தடவைகூட வாயில் வராது.

உங்கள் கையேடு எழுத்து நடை என்பதால்தான் அந்தச் சொல்லை இத்தனை தடவை போட்டிருக்கிறார்கள். இங்கே பேச்சில் ஒருவரைப் பாராட்டும்போது பெயர்ச்சொல்லையே விட்டுவிட்டு வினையைச் சொல்வார்கள்: ‘ஏலா ஹெசெபி முய்ந்து பேங்’. ‘ஹெசெபேர்’ என்றால் பெறுதல், வாங்கிக்கொள்ளுதல். மனிதரைப் பற்றிச் சொன்னால் வரவேற்று உபசரித்தல். அந்த அம்மா நன்றாக உபசரிப்பார் என்பதுதான் அந்த வாக்கியம். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் சிக்கலுக்கு வழி பெயர்ச்சொல்லில் இல்லை, வினையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அரங்கன்_நாடகம்

சேலம் நண்பர் பழக்கத்தைச் சொன்னார். சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அது ஏன் எழுத்தில் மட்டும் நிற்கிறது என்பது விளங்கும். இது இலத்தீனிலிருந்து வழிவழியாக வந்த வீட்டுச் சொல் இல்லை. ஓர் ஆளின் பெயர். நாடகத்திலிருந்து வந்தது.

கிரேக்கப் புராணத்தில் ஆம்ஃபித்ரியோன் என்று ஒரு படைத்தலைவன், தீப்ஸ் நகரத்தில் இருப்பவன். மனைவி அல்க்மேனே. அவன் போருக்குப் போயிருக்கும்போது சீயஸ் கடவுள் அவன் உருவத்திலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறார். அந்தத் தொடர்பில் பிறந்தவன்தான் ஹெர்குலிஸ். (நமக்கு அகலிகை கதை நினைவுக்கு வரும். ஆனால் அங்கே சாபம் இல்லை, கல்லாவதும் இல்லை.) கி.மு. 184 வாக்கில் மறைந்த ரோமானிய நாடகாசிரியர் ப்ளவுத்துஸ் இதை நகைச்சுவை நாடகமாக்கினார். அதில் வேலைக்காரன் ஸோஸியாவின் உருவத்தை இன்னொரு கடவுள் எடுத்துக்கொள்கிறார். ஆக மேடையில் இரண்டு எஜமானர்கள், இரண்டு வேலைக்காரர்கள்.

1668-இல் பாரிஸில் மோலியேர் இதே கதையைப் பிரெஞ்சில் எழுதினார். உண்மையான எஜமானன் யார் என்று எல்லாரும் திணறும்போது, வந்தவர்களை விருந்துக்கு அழைப்பது கடவுள்தான். உடனே வேலைக்காரன் தீர்ப்புச் சொல்லிவிடுகிறான்: எவன் வீட்டில் சாப்பாடு போடுகிறானோ அவனே உண்மையான ஆம்ஃபித்ரியோன். அந்த வரி பிரெஞ்சில் பழமொழி மாதிரி ஆகி, பெயரே ‘விருந்து கொடுப்பவர்’ என்ற பொதுச்சொல்லாக மாறியது. அங்கிருந்து போர்த்துகீசியத்துக்கும் ஸ்பானியத்துக்கும் போனது. அதே நாடகத்தின் வேலைக்காரனும் மொழியில் தங்கிவிட்டான். போர்த்துகீசியத்தில் ‘ஸோஸியா’ என்றால் அச்சு அசல் இன்னொருவர் மாதிரியே இருப்பவர்.

போர்த்துகீசியக் கவிஞர் கமோய்ஸ் 16-ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கதையைப் போர்த்துகீசிய நாடகமாக எழுதியிருக்கிறார். ஆனால் விருந்து கொடுப்பவர் என்ற பொருள் மோலியேருக்குப் பின்னால்தான் வந்தது.

இதில் முக்கியமானது ஒன்று. வீடு யாருடையது என்பதை வைத்து வேலைக்காரன் தீர்ப்புச் சொல்லவில்லை. இலை போடுகிறவன் யார் என்பதை வைத்துத்தான் சொன்னான். வீட்டுக்குச் சொந்தக்காரன் வெளியே நிற்கிறான். பட்டம் சாப்பாடு போட்டவனுக்குப் போகிறது. அதனால்தான் இன்றைக்கும் ஓட்டலில் நண்பர்களுக்கு விருந்து வைத்துப் பணம் கொடுப்பவரையும் அன்ஃபித்ரியாவ் என்று சொல்லலாம். அங்கே அவர் ‘தோனு தா காஸா’ இல்லை.

தாமிரபரணி

இது நான் எதிர்பார்க்காத இடத்துக்குப் போகிறது, ரொம்ப நன்றி. அரங்கன் ஐயா, ஒரு சந்தேகம். அப்படியானால் கையேட்டில் ‘அன்ஃபித்ரியாவ் தனி அறையோ தனிப் படுக்கையோ தர வேண்டும்’ என்று இருக்கிறதே. அங்கே சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. அங்கே ‘ஓஸ்பெதேய்ரு’ அல்லவா பொருத்தம்?

அரங்கன்_நாடகம்

பிறப்பில் சாப்பாடு இருந்தது, புழக்கத்தில் எல்லைகள் அகன்றுவிட்டன. இப்போது இடம் கொடுப்பவர், நிகழ்ச்சி நடத்துபவர், போட்டி நடத்தும் நாடு, எல்லாமே இதற்குள் வரும். ‘ஓஸ்பெதேய்ரு’ எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை அங்கே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

விலங்கியல்_ஆசிரியை

ஓஸ்பெதேய்ரு பற்றி நான் சொல்லலாம். ஒட்டுண்ணிகள் குறித்த பிரேசில் கட்டுரைகளை நான் தொடர்ந்து படிக்கிறேன். அவற்றில் ஒட்டுண்ணி தங்கும் உயிர்தான் ‘ஓஸ்பெதேய்ரு’. நத்தைக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் சிஸ்டோசோமியாசிஸ் அங்கே பெரிய நோய். அதில் நன்னீர் நத்தை ‘ஓஸ்பெதேய்ரு இன்தெர்மெஜியாரியு’, மனிதன் ‘ஓஸ்பெதேய்ரு தெஃபினிசீவு’. புழு முட்டை தண்ணீரில் பொரிந்து, குஞ்சு நத்தைக்குள் போய்ப் பெருகி, வெளியே வந்து நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். இந்தப் பொருளில் ‘அன்ஃபித்ரியாவ்’ என்று எந்தக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை.

தமிழில் நடந்திருப்பது இதற்கு நேர்மாறு. நம் பாடநூல்களில் ஒட்டுண்ணி தங்கும் உயிருக்கு ‘விருந்தோம்பி’ என்றும் ‘ஓம்புயிரி’ என்றும் கலைச்சொல். பத்தாண்டுகளுக்கு மேலாக வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். விருந்தோம்பி என்று நான் சொன்னதும் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது நாடாப்புழுவும் பன்றியும்தான், வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிடும் மனிதர் இல்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். அவ்வளவு நல்ல சொல்லை ஒட்டுண்ணிப் பாடத்துக்குக் கொடுத்துவிட்டு, மனிதருக்குச் சொல் இல்லாமல் நிற்கிறோம். போர்த்துகீசியர் கடன் வாங்கியாவது மனிதருக்குத் தனிச்சொல் வைத்துக்கொண்டார்கள். ஆகவே உங்கள் கையேட்டில் ‘விருந்தோம்பி’ வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து.

வல்வை_லிஸ்பன்

வணக்கம் பிள்ளையள். நான் லிஸ்பனில இருக்கிறன். போர்த்துகல் பக்கத்துக் கதையையும் கேளுங்கோ, பிரேசிலும் போர்த்துகலும் எல்லாத்திலயும் ஒண்டு இல்லை.

இஞ்ச ‘ஓஷ்பெதேய்ரா’ எண்டு சொன்னால் சனத்துக்கு முதலில ஞாபகம் வாறது விமானப் பணிப்பெண். ‘ஓஷ்பெதேய்ரா த போர்து’. பிரேசிலில அதுக்கு ‘ஆயெரொமோஸா’, இல்லாட்டி ‘கொமிஸாரியா’. அதால ‘ஃபமீலியா ஓஷ்பெதேய்ரா’ எண்டு இஞ்ச எழுதினால் கொஞ்சம் இடறும். பிரேசிலில மாணவர் பரிமாற்றக் காரியத்தில அதைப் பாவிக்கினம் எண்டு எனக்குத் தெரியும், அதால உங்கட கையேட்டில இருக்கிறது பிழை இல்லை. விலங்கியல் ரீச்சர் சொன்னது விஞ்ஞானத்தில சரி. குடும்பத்தோட சேர்ந்து வரேக்க அது ஆளைத்தான் குறிக்கும், நோயை இல்லை.

இஞ்ச இப்படியான குடும்பத்துக்கு ‘ஃபமீலியா த அகுல்யிமெந்து’ எண்டு சொல்லுறவை. ‘அகுல்யேர்’ எண்டால் அரவணைச்சு ஏற்கிறது. பெற்றோர் பாக்க ஏலாத பிள்ளையைப் பொறுப்பெடுத்து வளர்க்கிற குடும்பத்துக்கும் சட்டத்தில இதே பேர்தான். அகதியாய் வந்த ஆக்களை ஏற்கிறதுக்கும் இந்தச் சொல்தான். இந்தச் சொல்லுக்கு இருக்கிற சூடு ‘அன்ஃபித்ரியாவ்’க்கு இல்லை. என்ர மனசில இந்த ரெண்டுக்கும் நடுவில பெரிய தூரம் இருக்கு. அன்ஃபித்ரியாவ் மேசை போட்டு, நல்ல கோப்பை எடுத்து வைச்சு, வாங்கோ எண்டு கூப்பிடுற ஆள். அகுல்யேர் எண்டிறது, நேரம் கெட்ட நேரத்தில ஆரும் கதவைத் தட்டினாலும் உள்ளுக்கு எடுக்கிறது.

சட்டத்தைப் பற்றியும் ஒண்டு. சுற்றுலாக்காரருக்கு வீடு வாடகைக்கு விடுறதுக்கு இஞ்ச ‘அலொஜாமெந்து லொகால்’ எண்டு ஒரு ஒழுங்கு இருக்கு, 2014-ஆம் ஆண்டின் 128-ஆம் இலக்கச் சட்டத்தில வந்தது. அந்தச் சட்டத்தில வீடு விடுறவரை ‘அன்ஃபித்ரியாவ்’ எண்டு சொல்லுறேல்லை. ‘நடத்தும் உரிமையாளர்’ எண்ட மாதிரி ஒரு நீளமான சட்டச் சொல் இருக்கு. தங்குறவர் ‘ஓஷ்பெத்’. ஆனால் இணையத்தளத்தில அதே ஆள் அதே வீட்டுக்கு அன்ஃபித்ரியாவ் ஆகிடுறார். வியாபாரத்துக்கு உறவுச் சொல்லின்ர இனிப்புத் தேவைப்படுது, அரசாங்கத்துக்குத் தேவை இல்லை.

சாப்பாட்டில இன்னொண்டு சொல்லவேணும். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க ஆரும் வந்தால் ‘எ ஸெர்வீது?’ எண்டு கேக்கவேணும், சாப்பிடுறீங்களோ எண்டது மாதிரி. வேலை இடத்தில, பாணுக்குள்ள சீஸ் வைச்சுச் சாப்பிடுற ஆள்கூட கேப்பார். வந்தவர் வேண்டாம், நல்லாச் சாப்பிடுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போவார். ரெண்டு பேருக்கும் தெரியும் எடுக்கப்போறேல்லை எண்டு, ஆனாலும் கேக்காட்டி மரியாதை இல்லை. ‘ஒந்த கோமெய்ங் தோய்ஷ், கோமெய்ங் த்ரேஷ்’ எண்டும் சொல்லுவினம், ரெண்டு பேர் சாப்பிடுற இடத்தில மூண்டு பேரும் சாப்பிடலாம்.

சேலம்_சாவ்பவுலு

வல்வை அக்கா (அண்ணாவாக இருந்தால் மன்னிக்கவும்), அந்தக் கடைசிப் பழமொழிக்கு இங்கே இன்னொரு வடிவம் உண்டு. எதிர்பாராமல் இரண்டு பேர் கூட வந்துவிட்டால் ‘பீன்ஸில் இன்னும் தண்ணீர் ஊற்று’ என்பார்கள். அன்றாடம் சோற்றோடு சாப்பிடும் அவரைக் குழம்புதான் அது; நம் வீட்டில் ரசத்தில் ஒரு செம்பு தண்ணீர் சேர்க்கிற கதை.

‘ஓஸ்பெ...’ என்று தொடங்கும் சொற்களைப் பற்றி தாமிரபரணிக்கு எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது இரண்டு இருக்கிறது.

ஒன்று, ‘ஓஸ்பீசியு’. பார்த்தால் விருந்தினர் விடுதி என்று தோன்றும். வேரும் அதுதான். ஆனால் பிரேசிலில் அது மனநோய் மருத்துவமனை. ரியோவில் 1852-இல் இரண்டாம் பெத்ரு பேரரசரின் பெயரில் திறந்த மனநோய் மருத்துவமனைக்கு அந்தப் பெயர் இருந்தது. இப்போது அந்தச் சொல் வசவாகவே புழங்குகிறது. எங்கேயாவது வந்தால் கவனம்.

இன்னொன்று ‘ஓஸ்பெதாரியா’, பழங்காலத் தங்கல்மனை. இங்கே பிராஸ் பகுதியில் ‘ஓஸ்பெதாரியா ஜி இமிக்ரான்ச்சிஸ்’ என்று ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது, குடியேறிகள் தங்கல்மனை. 1887-இல் ஆட்களை ஏற்கத் தொடங்கி 1978 வரை நடந்தது. இத்தாலி, ஸ்பெயின், போர்த்துகல், ஜப்பான் என்று 70-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 25 லட்சம் பேர் அதன் வழியாகப் போனார்கள். கப்பலில் சாந்தோஸ் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் மலையேறி வந்து, அங்கே படுத்து, அங்கிருந்து காபித் தோட்டங்களுக்கு. 1888-இல் ஒழிந்த அடிமைமுறை அப்போதே முடிவை நெருங்கிக்கொண்டிருந்ததால் தோட்டங்களுக்கு வேறு ஆள் தேவைப்பட்டது; அதற்காக அரசாங்கமே கட்டிய இடம் அது. இப்போது குடியேற்ற அருங்காட்சியகம். உள்ளே போனால் நீண்ட கூடமும் வரிசையாகப் படுக்கைகளும். அந்த அரசாங்கத்தை அன்ஃபித்ரியாவ் என்று அழைக்க எனக்கு வாய் வராது. சாப்பாடும் படுக்கையும் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் கொடுத்தது வேலைக்கு ஆள் சேர்க்க. அன்ஃபித்ரியாவ் என்று சொல்ல அழைப்பு வேண்டும், அழைத்தவர் முகம் வேண்டும்.

குறளகம்

இழையை இப்போதுதான் பார்த்தேன். விலங்கியல் ஆசிரியையின் வருத்தத்தை நானும் பகிர்கிறேன். ஆனாலும் ஒரு செய்தியை முன்வைக்க விரும்புகிறேன். வள்ளுவத்தில் ‘விருந்தோம்பி’ பெயர்ச்சொல்லே இல்லை.

“இருந்தோம்பி இல்வாழ்வ தெல்லாம் விருந்தோம்பி
வேளாண்மை செய்தற் பொருட்டு.”

இங்கே அது வினையெச்சம். விருந்தை ஓம்பி, அதாவது பேணி, உதவி செய்வதற்காக என்று பொருள். விருந்து என்பது அங்கே சாப்பாடும் இல்லை, வந்த ஆள். தொல்காப்பியத்தில் அந்தச் சொல்லுக்குப் புதுமை என்று பொருள். புதிதாக வந்தவர் விருந்து; அவருக்குப் போட்ட சாப்பாடு பின்னால் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. “செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்” என்ற 86-ஆம் குறளைப் பாருங்கள். போகிற விருந்தாளியைப் பேணி அனுப்பிவிட்டு, வரப்போகிறவருக்காகக் காத்திருப்பவன். அவனுக்கு வள்ளுவர் ஒரு பெயர் வைக்கவில்லை, செய்கையைச் சொல்லி விட்டுவிட்டார். அதிகாரத்தின் பெயர்கூட ‘விருந்தோம்பல்’, தொழிற்பெயர்.

சேலத்துத் தம்பி சொன்ன ‘நன்றாக உபசரிப்பார்’ என்ற வாக்கியமும் அதே போக்குத்தான். உபசரிக்கிறவரை ஒரு பதவியாக நிறுத்துவது நம் மொழியின் இயல்பு இல்லை என்று நான் நினைக்கிறேன். ஆகவே பெயர்ச்சொல்லைத் தேடுவதை விட்டுவிடலாம்.

அரங்கன்_நாடகம்

ஐயா, முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. கையேட்டில் பொறுப்பு யாருக்கு என்று சொல்லியாக வேண்டும். ‘அன்ஃபித்ரியாவ் இதைச் செய்ய வேண்டும், ஓஸ்பெஜி அதைச் செய்ய வேண்டும்’ என்று எதிரெதிராக வரும் இடங்களில் வினையை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. ஒவ்வொரு தடவையும் ‘மாணவரைத் தங்கவைத்திருக்கும் குடும்பத்தினர்’ என்று எழுதினால் படிக்கிற தாய்க்கு மூச்சு வாங்கும். சட்டம், ஒப்பந்தம், கையேடு இவற்றுக்குப் பெயர் தேவை. போர்த்துகீசியத்திலும் அதே நிலைதானே. பேச்சில் வினையை வைத்துக்கொண்டவர்கள் எழுத்துக்கு ஒரு பெயரைக் கடன் வாங்கினார்கள்.

குறளகம்

ஏற்கிறேன், கையேட்டுக்குப் பெயர் வேண்டும். அப்படியானால் எளிய பெயராக இருக்கட்டும். ‘வீட்டார்’ என்பது போதாதா? பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் என்று தினமும் சொல்கிறோம். மரியாதையும் இருக்கிறது, ஆண்பால் பெண்பால் சிக்கலும் இல்லை, குடும்பம் முழுவதையும் சேர்த்துச் சொல்லும்.

விலங்கியல்_ஆசிரியை

‘வீட்டார்’ அருமை. ஆனால் மாணவரின் சொந்த வீட்டார் யார், அங்கே உள்ள வீட்டார் யார் என்ற குழப்பம் வராதா? இந்தக் கையேட்டைப் படிக்கப் போவது இங்கே இருக்கும் சொந்த வீட்டார்தானே.

தாமிரபரணி

ஆசிரியை சொல்வது சரி, அந்தக் குழப்பம் முதல் பக்கத்திலேயே வருகிறது. ‘மாணவரின் குடும்பமும் ஃபமீலியா அன்ஃபித்ரியாவும் தொலைபேசியில் அறிமுகமாக வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கிறது.

எல்லாரும் சொன்னதை வைத்து நேற்று இரவு பத்துப் பக்கம் மாற்றி எழுதினேன். மாதிரிக்குச் சில இடங்கள்.

குடும்பத்தைச் சொல்லும் இடத்தில் ‘ஏற்கும் குடும்பம்’. வல்வை சொன்ன அகுல்யேர் மனதில் நின்றுவிட்டது. இரண்டு குடும்பமும் ஒரே வரியில் வந்தால் ‘பிள்ளையின் குடும்பமும் ஏற்கும் குடும்பமும்’ என்று தெளிவாகப் பிரிகிறது.

தனி ஆளாக வரும் இடத்தில், சூழலைப் பொறுத்து ‘அந்த வீட்டு அம்மா’, ‘அந்த வீட்டு ஐயா’, இருவரையும் சேர்த்தால் ‘அங்குள்ள வீட்டார்’. ஆக ‘அன்ஃபித்ரியாவ் தனி அறையோ தனிப் படுக்கையோ தர வேண்டும்’ என்பது ‘அங்குள்ள வீட்டார் பிள்ளைக்குத் தனி அறையோ தனிப் படுக்கையோ கொடுப்பார்கள்’ என்று வந்தது. கட்டளை குறைந்து வாக்குறுதி மாதிரி ஆனது. படிப்பது இங்குள்ள பெற்றோர் என்பதால் இதுவே பொருத்தம் என்று படுகிறது.

‘ஓஸ்பெஜி’ வரும் இடத்தில் விருந்தினர் என்று எழுதவில்லை. கையேட்டில் இன்னோர் இடத்தில், ‘நீங்கள் ஓஸ்பெஜி அல்ல, ஒரு வருடத்துக்கு இந்த வீட்டுப் பிள்ளை’ என்று மாணவரிடம் சொல்கிறார்கள். தட்டு கழுவுவது, தன் படுக்கையைத் தானே விரிப்பது, வெளியே போனால் சொல்லிவிட்டுப் போவது எல்லாம் அதற்குக் கீழேதான் வருகிறது. அங்கே மட்டும் ‘விருந்தாளி’ என்று போட்டேன். மற்ற எல்லா இடத்திலும் ‘பிள்ளை’ அல்லது ‘மாணவர்’.

ஒரு இடம் மட்டும் இன்னும் தீரவில்லை. கடைசி அத்தியாயத்தில் ‘சிதாஜி அன்ஃபித்ரியா’ என்று வருகிறது, நகரத்தைச் சொல்லி. நகரத்தை வீட்டார் என்று சொல்ல முடியாதே.

வல்வை_லிஸ்பன்

‘ஏற்கும் குடும்பம்’ நல்லா இருக்கு பிள்ளை. விருந்தாளி இல்லை, வீட்டுப் பிள்ளை எண்ட இடத்தை நீங்கள் பிடிச்ச விதமும் நல்லது. இஞ்சயும் ஒரு பழமொழி சொல்லுவினம், ‘ஓஷ்பெத் இ பெய்ஷ், அவுஷ் த்ரேஷ் தீயஷ் ஃபெத்’. விருந்தாளியும் மீனும் மூண்டு நாளில நாறும். எங்கட ‘விருந்தும் மருந்தும் மூண்டு நாள்’ அதேதான். ஒரு வருசம் இருக்கிற பிள்ளையை மூண்டு நாள் ஆளாய் நடத்த ஏலாது.

இன்னொண்டு, இதைக் கேக்க உங்களுக்குச் சந்தோசமாய் இருக்கும். யாழ்ப்பாணத்தில ஒரு ஆள் வீட்டுக்கு வந்தால் விறாந்தையில கதிரை போட்டு இருத்தி, குசினிக்குள்ள போய்த் தேத்தண்ணி போட்டு, கை துடைக்கத் துவாய் குடுக்கிறம். விறாந்தை, கதிரை, குசினி, துவாய் நாலும் போர்த்துகீசர் விட்டிட்டுப் போன சொல். 1619-இல இருந்து 1658 வரைக்கும் யாழ்ப்பாணம் அவையின்ர ஆட்சியில இருந்தது. உபசரிக்கிற சாமான் எல்லாத்துக்கும் அவையின்ர பேரை எடுத்தம்; உபசரிக்கிறவருக்கு எடுக்கேல்லை. அந்தக் காலத்தில அவையிட்டயே அன்ஃபித்ரியாவ் எண்டு ஒரு சொல் இந்த அர்த்தத்தில இருக்கேல்லையே, மோலியேர் எழுதினது அதுக்குப் பிறகுதானே.

சேலம்_சாவ்பவுலு

நகரம் விஷயம் நான் சொல்கிறேன். நிகழ்ச்சி, போட்டி, மாநாடு என்றால் தமிழில் ‘நடத்தும்’ என்பதே போதும். ‘போட்டியை நடத்தும் நாடு’ என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதுகின்றன. இங்கே 2014 உலகக்கோப்பையில் பிரேசில் ‘பயீஸ் அன்ஃபித்ரியாவ்’. ஆட்டம் நடந்த 12 நகரங்களுக்குப் பெரும்பாலும் ‘சிதாஜி-ஸெஜி’ என்றுதான் எழுதினார்கள், ஸெஜி என்றால் இருக்கை, தலைமையிடம். ஆனால் உங்கள் கையேட்டில் போட்டி எதுவும் இல்லையே. அந்த இடத்தில் நகரம் என்ன செய்கிறது?

தாமிரபரணி

பிள்ளை போய் இருக்கப்போகிற ஊர், அவ்வளவுதான். ‘உங்கள் சிதாஜி அன்ஃபித்ரியாவின் பேருந்துத் தடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்’ என்று வருகிறது.

சேலம்_சாவ்பவுலு

அப்படியானால் ‘நீங்கள் தங்கும் ஊர்’. தயங்காமல் போடுங்கள்.

பந்து_பைத்தியம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கால்பந்துக்காக மட்டும் போர்த்துகீசிய வர்ணனை கேட்பவன் நான். சொந்த மைதானத்தில் ஆடும் அணியையும் ‘அன்ஃபித்ரியாவ்’ என்று சொல்கிறார்கள்தானே? 2014 ஜூலை 8 அன்று பெலு ஒரிசோஞ்சியில் ஜெர்மனி 7-1 என்று அடித்தபோது ‘அன்ஃபித்ரியோய்ஸ்’ என்ற சொல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஆனால் உள்ளூர் லீக் ஆட்டங்களில் வேறு ஏதோ சொல்கிறார்கள்.

சேலம்_சாவ்பவுலு

ஆமாம், சொல்வார்கள். ஆனால் லீக் ஆட்டத்தில் இங்கே ‘மந்தாஞ்சி’ என்பதுதான் வழக்கம், அதாவது ஆணை செலுத்துகிறவர். மைதானம் யார் கையில், டிக்கெட் விற்பது யார் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. எதிரணி ‘விசிதாஞ்சி’, வருகிறவர்.

வல்வை_லிஸ்பன்

போர்த்துகலில ‘மந்தாஞ்சி’ எண்டு சொல்லமாட்டினம். இஞ்ச விதிப் புத்தகத்தில வீட்டு அணிக்கு ‘விஸிதாது’, வந்து பாக்கப்படுறவர்; வாற அணி ‘விஸிதான்த்’. பேச்சில ‘எகீப்பா த காஸா’, வீட்டு அணி. 2004-இல லிஸ்பனில ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில கிரேக்கத்திட்ட 1-0 தோத்தபோது மட்டும் எல்லாப் பேப்பரிலயும் அன்ஃபித்ரியோய்ஷ்தான். நாடு முழுக்க விருந்து வைச்ச கணக்கில அந்தச் சொல் வரும், கிழமைக் கிழமை நடக்கிற ஆட்டத்துக்கு அது கூடிப்போகும்.

தாமிரபரணி

‘நீங்கள் தங்கும் ஊர்’ போட்டுவிட்டேன். தோழியிடம் கொடுத்தேன், இந்தத் தடவை எந்தச் சொல்லிலும் அவள் நிற்கவில்லை. ‘ஏற்கும் குடும்பம்’ முதல் தடவை வரும் இடத்தில் மட்டும், ‘பிள்ளையைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பம்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். சேர்த்துவிட்டேன்.